எல்லாவற்றுக்கும் ‘ஏமாற்றம்’தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 21 ஆண்டுகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கடிதங்களும் ஒப்பந்தங்களும் அறிக்கைகளும் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திகளில் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் லாபம் கொஞ்சம் குறைந்தாலும் ‘ஏமாற்றம்’, ஆட்டக்காரர் சீக்கிரம் வெளியேறினாலும் ‘ஏமாற்றம்’, படம் சுமாராக இருந்தாலும் ‘ஏமாற்றம்’. ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு சொல் இருந்திருக்கும்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு வாடிக்கையாளர் அச்சகத்துக்காரர் ஒருவருக்கு எழுதிய கடிதம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. வேலையின் தரம் பற்றி ‘டிஸப்பாயின்டட்’ என்று ஒரே ஒரு வரி. நான் ‘எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் அந்த மனிதர் நேரில் வந்து நின்றார். “நான் யாரம்மா ஏமாத்தினேன்? மை கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு, அதுக்காகத் திருடன்னு எழுதுவாங்களா?” என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. ‘வேலை நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு அமையவில்லை’ என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, “இதுன்னா சரி, நியாயம்தான்” என்றார். மறு அச்சும் போட்டுக் கொடுத்தார்.

ஆங்கிலச் சொல் யார் மீதும் பழி சுமத்துவதில்லை. ‘டிஸப்பாயின்ட்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அதற்குப் பதவியிலிருந்து இறக்குவது என்று பொருள். ‘அப்பாயின்ட்’ என்பதற்கு நேர் எதிர். நினைத்தது நடக்காத வருத்தம் என்ற பொருள் அப்புறம் சேர்ந்ததுதான். தமிழின் ‘ஏமாற்றம்’ அப்படியில்லை. அதில் வருத்தமும் உண்டு, வஞ்சகமும் உண்டு. பெயர்ச்சொல்லாக நிற்கும் வரை பெரிய ஆபத்தில்லை. ‘ஏமாற்றினார்’ என்று வினையாக்கிவிட்டால் ஆள் குற்றவாளியாகிவிடுகிறார். தலைப்பில் இடமில்லை என்று ‘ரசிகர்களை ஏமாற்றினார்’ எனப் போடுகிறீர்கள். பாவம், அவர் செய்தது 4 ரன்னில் ஆட்டமிழந்தது மட்டும்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. ‘ஷாடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கந்தல் கம்பளியைக் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்த மலிவுத் துணிக்கு அந்தப் பெயர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், அந்த மாதிரித் துணியில் தைத்த சீருடைகள் வீரர்கள் உடம்பிலேயே நைந்து கிழிந்தன. விற்றவர்கள் மீது மக்களுக்கு வந்த கோபம் அந்தச் சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பாலம் கட்டிய விதத்தை ஆய்வறிக்கை ‘ஷாடி’ என்று சொன்னால், கட்டியவர் ஏனோதானோவென்று கட்டினார் என்று அர்த்தம். அதை ‘ஏமாற்றமளிக்கும் பணி’ என்று மொழிபெயர்த்தால், பொறுப்பேற்க வேண்டியவரை நாமே தப்பவிடுகிறோம். குற்றமில்லாதவரைத் திருடனாக்குகிறோம், குற்றவாளியைக் காப்பாற்றுகிறோம். இரண்டும் ஒரே சொல்லால் நடக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நம்மிடம் சொல் இல்லாமலா? ‘டேம்ப் ஸ்க்விப்’ என்றால் நமுத்த வெடி. நாமும் அதையேதான் சொல்கிறோம், தேடவே வேண்டாம். ‘ஆன்டி கிளைமாக்ஸ்’ வரும் இடத்தில் ‘சப்பென்று முடிந்தது’ என்று எழுதலாம். ‘மீடியாக்கர்’ என்பதற்கு லத்தீனில் மலையில் பாதி உயரம் என்பதுபோலப் பொருள். ‘சுமார் ரகம்’ கச்சிதமாகப் பொருந்தும். ‘அண்டர்வெல்மிங்’ கொஞ்சம் சிரமம். ‘ஓவர்வெல்ம்’ என்றால் வெள்ளம்போல் வந்து மூழ்கடிப்பது. அதைத் திருப்பிப் போட்டு 1950களில் விளையாட்டாக உருவாக்கிய சொல் இது. பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்தவருக்குக் கணுக்கால்கூட நனையவில்லை என்ற உணர்வு. ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று எழுதுவேன். இதைவிட நல்ல சொல் வாசகர்களிடம் இருந்தால் கேட்க ஆசை. உங்கள் திரைப் பக்கம் இதைப் ‘படுதோல்வி’ என்று எழுதியதைப் பார்த்தேன், அது அநியாயம்.

பாராட்டு மாதிரி வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். என் அக்கா மகனுடைய அறிக்கையைப் பார்த்து பிரிட்டிஷ் மேலாளர் ஒருவர் ‘குவைட் குட்’ என்று எழுதியிருந்தார். மிக நன்று என்று நினைத்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னான். அடுத்த வாரமே முழுவதையும் மாற்றி எழுதச் சொன்னார்கள். அமெரிக்கர் வாயில் அது பாராட்டாக இருக்கலாம். பிரிட்டிஷார் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுக்குத்தான் சொல்வார்கள். யார் சொன்னது என்று பார்க்காமல் அதை மொழிபெயர்க்க முடியாது.

மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்களுக்கு நேரம் குறைவு என்பது தெரியும். நானும் அந்த நெருக்கடியில் வேலை பார்த்தவள்தான். இந்த மாதிரிச் சொற்களுக்கு நான் பல வருடமாக எழுதி வைத்த குறிப்பேடு ஒன்று இருக்கிறது. உதவும் என்று தோன்றினால் தெரிவியுங்கள், நகலெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர்