செயலாளர் ஆண்டறிக்கை: அறிவிப்புப் பலகையும் அக்ரிலிக் ஷீட்டும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலக அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மற்ற நேரமெல்லாம் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் தகடான அக்ரிலிக் ஷீட்டோடுதான் போயிற்று. எனவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வெளியே உள்ள அறிவிப்புப் பலகைக்கு மூடி, நூலக அலமாரிக்குத் தள்ளுகதவு, கொடையாளர் பெயர்ப்பலகை என மூன்று வேலைகள். இந்த ஷீட்டில் காஸ்ட், எக்ஸ்ட்ரூடட் என இரண்டு வகை உண்டு. "எல்லாம் ஒரே ஷீட்தானே" என்று மூன்றுக்கும் எக்ஸ்ட்ரூடட் வகையையே வாங்கச் சொன்னவன் நான்தான்.

முதலில் பெயர்ப்பலகை காலை வாரியது. லேசரில் பொறித்த எழுத்து வெளுக்கவே இல்லை. பலகையைச் சாய்த்துப் பிடித்தால்தான் பெயர் தெரிந்தது. கொடை கொடுத்தவர்கள் பெயரை இப்படியா தேட வைப்பது! பொறிப்பு வேலைக்குக் காஸ்ட் ஷீட்தான் சரி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றி இறுகவிட்டுச் செய்வது அது. லேசர் பட்ட இடம் பனி படர்ந்தாற்போல் வெள்ளையாக எழும். உருக்கி, அச்சு வழியே தள்ளி எடுப்பது எக்ஸ்ட்ரூடட். மறுபடி காஸ்ட்டில் பொறித்து மாட்டியிருக்கிறோம்.

அறிவிப்புப் பலகையில் தவறு ஷீட்டுடையது மட்டுமல்ல. 1 மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 30 டிகிரி கூடினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். நாமோ ஸ்க்ரூ அளவுக்கே துளையிட்டு இறுக்கி முடுக்கிவிட்டோம். போதாததற்கு ஸ்பிரிட்டால் துடைத்தோம். ஒரு வாரத்தில் துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்கள். இப்போது காஸ்ட் ஷீட், பெரிய துளை, ரப்பர் வாஷர். துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டுமே. அம்மோனியா கலந்த, கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம்.

அக்ரிலிக்குக்குப் பதில் பாலிகார்பனேட் என்ற இன்னொரு தெளிந்த பிளாஸ்டிக்கைப் போடலாம் என்று சில உறுப்பினர்கள் வாதாடினார்கள். இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. அடி தாங்குவதில் அக்ரிலிக் அதன் பக்கத்தில் நிற்காது, உண்மை. ஆனால் பாலிகார்பனேட்டில் சீக்கிரம் கீறல் விழும். புற ஊதாப் பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளடிக்கும். பந்து வந்து விழும் மைதானப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் பூச்சுள்ள பாலிகார்பனேட் என்று முடிவாயிற்று.

அலமாரிக் கதவில் அதே எக்ஸ்ட்ரூடட்தான் இருக்கிறது. கனம் எங்கும் ஒரே சீராக இருப்பதால் பள்ளத்தில் சிக்காமல் ஓடுகிறது. காஸ்ட்டில் ஒரே ஷீட்டிலேயே கனம் சற்று ஏறி இறங்கும். அதைப் போட்டிருந்தால் இழுத்துக்கொண்டு நின்றிருப்போம்.

மிச்சத் துண்டுகள் அலுவலக அறையில், காகிதம் உரிக்காமல், வகை எழுதி வைக்கப்பட்டுள்ளன. தேவைப்படுவோர் கையொப்பமிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்