முனைவர் ஆவதற்கு முன் ஒரு குழந்தை படிப்பதைக் கேட்க விடுங்கள்

எழுத்தறிவு, மொழிக்கல்வித் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வுகளை வழிநடத்தும் நெறியாளர்களுக்கும் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்த பிறகு பகுதி நேர ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஒரே ஒரு கேள்விதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. எழுத்தெல்லாம் தெரிந்த குழந்தை, வாக்கியம் என்று வந்ததும் ஏன் தடுமாறுகிறது? வகுப்பில் எனக்குப் பிடிபடாத பதில் ஆய்வில் பிடிபடும் என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்தான். புத்தகத்தில் 'நாய் ஓடி வந்துகொண்டிருந்தது' என்று இருந்தது. விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து நகர்த்தினான். நீளமான அந்தக் கடைசிச் சொல்லில் விரல் நின்றது. உதடு அசைந்தது. அப்புறம் தெளிவாக, "நாய் ஓடி வந்துட்டு இருந்துச்சு" என்றான். சொல்லிவிட்டு நிமிர்ந்து, "யாரு டீச்சர் அத தொரத்துறா?" என்று கேட்டான்.

நான் ரன்னிங் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தை வாய்விட்டுப் படிக்கும்போதே சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள, நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி க்ளே உருவாக்கிய முறை அது. குழந்தை சரியாகப் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக். மாற்றிப் படித்தால் அவன் சொன்னது மேலே, புத்தகத்தில் உள்ளது கீழே. தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக் குறி. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மேலே 'வந்துட்டு இருந்துச்சு' என்று எழுதியபோது என் பேனா நின்றுவிட்டது. புத்தகத்தில் உள்ள சொல்லோடு ஒப்பிட்டால் இது தவறு. ஆனால் இவன் எதையும் தவறவிடவில்லையே? எழுத்தைப் படித்திருக்கிறான், பொருளைப் பிடித்திருக்கிறான், எழுத்துத் தமிழைத் தன் பேச்சுத் தமிழுக்கு மாற்றியும் கொடுத்திருக்கிறான்.

அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் கென்னத் குட்மன் 1960களில் இப்படி மாற்றிப் படிப்பதைப் பிழை என்று சொல்ல மறுத்து, 'மிஸ்க்யூ' என்று வேறு பெயர் வைத்தார். படிப்பது என்பதே ஊகம் என்ற அவருடைய பெரிய கோட்பாடு பின்னால் வந்த ஆய்வுகளின் முன் நிற்கவில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தெரியாமல் ஊகித்து ஓட்டும் குழந்தை பின்தங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாற்றிப் படித்த சொல்லை உற்றுப் பார்த்தால் குழந்தையின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியும் என்று அவர் சொன்னதை நான் விடமாட்டேன்.

வாசிப்பு ஆய்வாளர்களான கஃபும் டன்மரும் 1986இல் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள். எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். சரி, தமிழ்க் குழந்தைக்கு இதில் 'மொழி' என்பது எந்தத் தமிழ்? பேச்சில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று ஒரு மொழிக்கு இரண்டு வடிவம் இருக்கும் நிலையை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டி கிரியோல் ஆகியவற்றை வைத்து விளக்கினார். அந்த நிலையில் வளரும் குழந்தை முதல் வகுப்பில் எழுத்தை மட்டும் கற்பதில்லை, கூடவே இன்னொரு தமிழையும் கற்கிறது. என் ஆய்வுக் கேள்வி, அந்தப் பையன் படித்ததை நான் குறித்த அந்த ஒரு தாளிலிருந்து பிறந்தது.

ஆய்வு முன்மொழிவோடு குழுவின் முன் போய் நின்றேன். இதை விட்டுவிடுங்கள் என்றார்கள். ஏற்கெனவே இருக்கும் சொற்பட்டியல் தேர்வை முந்நூறு குழந்தைகளுக்கு வையுங்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரி என்று எண்ணுங்கள், மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தேர்வில் அந்தப் பையன் படித்தது ஒரு தவறுக் குறி, அவ்வளவுதான். அவன் கேட்ட கேள்விக்கு அதில் கட்டமே கிடையாது.

எண்களை நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை சோதனை முறை ஆய்வுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. எழுத்து-ஒலி உறவை முறையாகக் கற்றுக்கொடுப்பது பலன் தருகிறது என்ற அதன் முடிவைப் படித்த பிறகுதான் என் வகுப்பின் முதல் அரைமணி நேரத்தையே மாற்றினேன். ஆனால் எதை எண்ணுவது என்று முதலில் யாராவது முடிவு செய்ய வேண்டும். குழந்தை படிப்பதைக் கேட்டவர்தான் அதை முடிவு செய்ய முடியும். மொழி மானிடவியலாளர் ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் தன் நூலை வெளியிடும் முன், அமெரிக்காவின் கரோலினா பகுதியின் இரண்டு சமூகங்களில் குழந்தைகள் வீட்டில் எப்படிப் பேசக் கற்கிறார்கள் என்று ஏறக்குறைய பத்து வருடம் கவனித்தார். பள்ளி கேட்கும் கேள்விகளும் வீட்டில் கேட்கப்படும் கேள்விகளும் ஒரே வகை இல்லை என்பது அப்படித்தான் அவருக்குப் பிடிபட்டது.

நான் உங்களிடம் பத்து வருடம் கேட்கவில்லை. ஒரு கல்வியாண்டு, வாரத்தில் ஒரு நாள். இந்தத் துறையில் ஆய்வுக்குச் சேரும் ஒவ்வொருவரும், ஆசிரியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்மொழிவு எழுதும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து குழந்தைகள் படிப்பதைக் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். ஆய்வு முறையியல் தாளில் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். புள்ளியியலுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக வேண்டாம்.

தன் வகுப்பையே ஆராய்ந்தால் பாரபட்சம் வரும் என்று சொல்வீர்கள். வரும். அதனால் ஒலிப்பதிவு செய்வோம். இன்னொருவர் தனியாகக் கேட்டுக் குறிக்கட்டும், இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டு ஆய்வேட்டில் போடுவோம். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவோம். குழந்தை இன்றைக்கு வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

முழு நேர ஆய்வாளராக மாறினால்தான் தீவிரமான ஆய்வு என்ற எண்ணத்தையும் தயவுசெய்து மறுபடி யோசியுங்கள். வேலையை விட்டுவிட்டு வா என்று என்னிடம் சொல்வது, தரவை விட்டுவிட்டு வா என்று சொல்வதுதான்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்களோடு ஒரு வகுப்பாசிரியரும் உட்கார வேண்டும், அவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்றும் கேட்கிறேன். ஆய்வேட்டில் அவர் அடுத்த நாளே வகுப்பில் பயன்படுத்தக்கூடிய ஓர் அத்தியாயமாவது இருக்கட்டும்.

அடுத்த மாதம் என் முன்மொழிவைத் திருத்தி மறுபடி கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் அந்தப் பையனின் தாளை இணைத்திருக்கிறேன், பெயரை மறைத்துவிட்டு. 'வந்துகொண்டிருந்தது' என்ற சொல்லுக்கு மேலே அவன் படித்தது இருக்கும். அந்தச் சொல்லுக்கு நீங்கள் என்ன குறி போடுவீர்கள் என்பதிலிருந்து நம் பேச்சைத் தொடங்கலாம்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை, ஆய்வு மாணவி