சித்திரைக்கு இரண்டு பேரும் வாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமிக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்துவிட வேண்டும். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் புனேயிலிருந்து கிடைக்காது.

பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் காட்டினேன். உனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளைக் காணோமே என்று அத்தை கேட்டாள். படம் எடுத்ததே அவள்தான் என்று சொல்லிவிட்டேன்.

நீ பார்த்து வளர்ந்ததெல்லாம் மதுரையில் தல்லாகுளத்து மாடியிலிருந்து பார்த்த திருவிழா. நாங்கள் தேனூரிலிருந்து கூண்டு வண்டி கட்டி வருவோம். வைகை மணலில் வண்டியை அவிழ்த்துப் போட்டு, அங்கேயே அடுப்புக் கூட்டிச் சமைத்து, அங்கேயே படுப்போம். ஊற்றுத் தோண்டினால் தண்ணீர். அம்மாச்சி முந்தின நாளே செம்பைப் புளி போட்டு விளக்கி வைத்துவிடுவாள். அதில் நாட்டுச் சர்க்கரையை விளிம்புவரை நிரப்பி, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, மேலே சூடம் ஏற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். தங்கக் குதிரையில் அழகர் கடந்து போகும்வரை கையை இறக்க மாட்டாள். பிறகு இலையைப் பிரித்து, முகம் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பாள். எனக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

அழகர் முன்பு நம் ஊர் ஆற்றில்தான் இறங்கினார், திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றிவிட்டார் என்று தாத்தா நேற்று நடந்த அநியாயம் போலச் சொல்வார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்ததும் நாயக்கர்தான். இன்றும் மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கும் இடத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது படுக்க மணல் ஏது? இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டுவிட்டார்கள். அழகர் இறங்குவதற்கென்று அணையைத் திறந்துவிடுகிறார்கள். 2022இல் நெரிசலில் உயிர்கள் போனதிலிருந்து அப்பா என்னை ஆற்றுக்குள் இறங்க விடுவதில்லை. அழகர் மேல் விசைப்பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது என்று நீதிமன்றமே சொல்ல வேண்டியதாகிவிட்டது. உன் காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டு அப்பா பீய்ச்சிய தோல் துருத்தி இன்னும் பரணில் இருக்கிறது. எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் சும்மாதான் என்கிறார்.

நீ அங்கே வீடு வாங்கியதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தேன். அந்த வீட்டிலிருந்து ஒரு போன் வருவதற்கு மாதக்கணக்காகிறது. நான் கூப்பிட்டால் கூட்டத்தில் இருக்கிறேன் என்கிறாய். அவள் எடுப்பதே இல்லை. அவளுக்கும் வேலை இருக்கும், நான் குறை சொல்லவில்லை.

தங்கை மீனாட்சியின் கல்யாணம் தான் வருவதற்குள் முடிந்துவிட்டதே என்ற கோபத்தில் அழகர் ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பார்கள். அந்தக் கோபத்தோடும் மறு வருடம் ஆற்றுவரை வந்துவிடுகிறார். கொரோனாவால் 2020இலும் 2021இலும்தான் ஆற்றுக்கு வரவில்லை. வீட்டுக்குள் எந்த மனத்தாங்கலானாலும் உட்கார்ந்து பேசினால் தீரும். பொதுவாகச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

மருமகளுக்குச் சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், பச்சை நிறம். அவளுக்குப் பிடிக்குமா என்று அவளையே ஒரு வரி எழுதச் சொல். அவள் கையெழுத்தில் வர வேண்டும், நீ எழுதி அனுப்பாதே.

இப்படிக்கு,
அம்மா