தவணை முடிவுக் கடிதம்: சிசிலிச் சுற்றுலாவும் ஒரு வேண்டுகோளும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

இந்தத் தவணையும் நல்லபடியாக முடிவுக்கு வந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் எல்லா வகுப்புகளும் நன்றாகச் செய்திருக்கின்றன. சிறிய வகுப்புப் பிள்ளைகள் உயிர்மெய் எழுத்துகளைத் தடுமாறாமல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பேச்சுப் போட்டி, குறள் மனனம், சங்கீத வகுப்பின் நிகழ்ச்சி எல்லாமே சிறப்பாக நடந்தன. பங்குபற்றிய பிள்ளைகளுக்கும், வார இறுதி ஓய்வை விட்டுக்கொடுத்து வந்து படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் என் பாராட்டுகள். தேர்ச்சி அறிக்கைகள் அடுத்த வாரம் கைக்கு வரும்.

இந்தத் தவணையில் மறக்க முடியாதது மேல்வகுப்புப் பிள்ளைகளின் சுற்றுலாதான். இத்தாலியின் சிசிலித் தீவில், இந்தப் பலெர்மோ நகரிலேயே பிறந்து வளர்ந்தும், மொண்டெல்லோ கடற்கரையையும் சாந்தா ரொசாலியா கோவில் இருக்கும் பெல்லெக்ரினோ மலையையும் தாண்டி இந்தத் தீவில் வேறொன்றும் பார்த்ததில்லை என்று பல பிள்ளைகள் சொன்னதால்தான் இதை ஒழுங்கு செய்தோம். வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டு, செஜெஸ்தா, செலினுந்தே, அக்ரிஜெந்தோ, பியாட்சா அர்மெரினா, அய்தோனே என்று தீவின் பழங்காலச் சின்னங்கள் உள்ள ஊர்களைச் சுற்றி ஞாயிறு இரவு வீடு திரும்பினோம். உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டி கூடவே வந்தார். அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை, உடன் வந்த அம்மாக்களுக்குப் பிள்ளைகளே தமிழில் மாற்றிச் சொன்னார்கள். நாங்கள் வகுப்பறையில் எவ்வளவு முயன்றும் வராத தமிழ் அங்கே தானாக வந்தது. நம் பள்ளிக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறில்லை.

செஜெஸ்தாவில் 36 தூண்களோடு நிற்கும் கோவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டி முடிக்கப்படாமலே விடப்பட்டது. அடித்தளக் கற்களைத் தூக்குவதற்காக விடப்பட்ட முண்டுகள் இன்னும் செதுக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அதை வழிகாட்டி சொல்வதற்கு முன்பே ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கேட்டது. பியாட்சா அர்மெரினாவுக்கு அருகிலுள்ள ரோம மாளிகையில் சுமார் 3,500 சதுர மீட்டருக்கு வண்ணக் கல் பதித்த தரைகள். 12ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவு மண் வந்து மூடியதால்தான் அவை தப்பின. வேட்டைக் காட்சிகள் நிறைந்த நீண்ட நடைக்கூடத்தின் ஒரு முனையில் யானையும் புலியும் இருபுறமும் நிற்க ஒரு பெண் உருவம் இருக்கிறது. அவள் இந்தியாவைக் குறிக்கிறாள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பிள்ளைகளை அந்த இடத்தை விட்டு நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

ஆனால் எல்லாரையும் பேச்சில்லாமல் நிற்க வைத்தது பழைய கிரேக்க நகரமான செலினுந்தேயும் அதற்குச் சற்றுத் தொலைவிலுள்ள கூசா கற்குவாரியும்தான். கோவிலுக்கான தூண் துண்டுகளை அங்கே பாறையிலிருந்தே வட்டமாகச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆள் இறங்கி நின்று உளி போடும் அளவுக்குச் சுற்றிவரப் பள்ளம். நடுவில் தூண் துண்டு, அடிப்பாகம் இன்னும் பாறையோடு ஒட்டியபடி. கி.மு. 409இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் படை செலினுந்தேயை அழித்தபோது வேலை நின்றது, பிறகு யாரும் வந்து அதைத் தொடரவில்லை. உளித்தடங்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நம் ஊரிலும் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு என்பதால், உடன் வந்த பெற்றோருக்கு அந்த இடம் வேறு விதமாகப் பட்டது.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சுற்றுலா முடிந்து இரண்டொரு நாளில் ஒரு அம்மா தொலைபேசியில் அழைத்தார். உடுப்புத் தோய்க்கும்போது மகனின் காற்சட்டைப் பையில் செம்மண் நிறத்தில் ஒரு ஓட்டுத் துண்டு இருந்ததாகவும், செலினுந்தேயில் எடுத்ததாகப் பிள்ளை சொல்வதாகவும் சொன்னார். அவர் அதைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. அன்று இரவே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் படம் வந்தது. சுற்றுலா நினைவுப் பொருள் என்று எழுதி, கோடு போட்ட பானை ஓடுகளும் ஒரு கல் துண்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விசாரித்தபோது வேறு சில பிள்ளைகளும் எடுத்து வந்திருப்பது தெரிந்தது. யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை, வகுப்பிலும் சொல்லப் போவதில்லை.

பிள்ளைகள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செலினுந்தேயில் கால் வைக்கும் இடமெல்லாம் ஓடுகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே குயவர்களுக்கென்றே ஒரு பெரிய பகுதி இருந்து, ஏராளமான சூளைகள் எரிந்திருக்கின்றன. 2,400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையால் வனைந்த பொருள் காலடியில் கிடந்தால் குனிந்து எடுத்துப் பார்க்கத்தான் தோன்றும். அந்த ஆர்வம் நல்லது. பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்திருந்தால் நான் பாராட்டி எழுதியிருப்பேன்.

இவ்வளவு கிடக்கிறதே, ஒன்றை எடுத்தால் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்டீர்கள். அகழ்வாராய்ச்சி செய்பவர்கள் தோண்டுவதற்கு முன்பே நிலத்தின் மேல் கிடக்கும் ஓடுகளை நடந்து நடந்து எண்ணிப் பதிகிறார்கள். எந்த இடத்தில் எந்த வகை ஓடு அதிகம் என்பதை வைத்து எங்கே வீடு, எங்கே பட்டறை என்று கணிக்கிறார்கள். ஓட்டின் மண்ணும் விளிம்பும் பூச்சும், அது அங்கேயே செய்ததா, கப்பலில் வந்ததா, எந்தக் காலத்தது என்று சொல்லும். ஆனால் எங்கே கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தச் சாட்சியில் பெரும்பகுதி போய்விடும். அலுமாரியில் இருக்கும்போது அது வெறும் சுட்ட மண்.

அய்தோனே அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் பார்த்ததை அவர்களிடமே கேளுங்கள். நீலத் தாடியோடு சுடுமண்ணாலான, கிரேக்கரின் பாதாளத் தெய்வமான ஹேடிஸின் தலை ஒன்று அங்கே இருக்கிறது. பக்கத்திலுள்ள மோர்கந்தீனா என்ற பழைய நகரத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி 1985இல் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. அது எங்கிருந்து போனது என்பதை நிரூபித்தது என்ன தெரியுமா? மோர்கந்தீனா அகழாய்வில் கிடைத்து இங்கே பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த, நீல நிறம் பூசிய சின்னத் தாடிச் சுருள். அந்தச் சுருளும் அந்தத் தலையும் பொருந்துவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2016இல் தலை ஊர் திரும்பியது. அந்தச் சுருளை யாராவது ஒரு பிள்ளை அழகாக இருக்கிறதென்று பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் அந்தத் தலை இன்றைக்கும் அமெரிக்காவில்தான் இருந்திருக்கும். அதே அருங்காட்சியகத்தில் நிற்கும் பெண் தெய்வச் சிலையும் 1988இல் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு அதே அமெரிக்க அருங்காட்சியகத்தால் வாங்கப்பட்டு, 2011இல்தான் திரும்பி வந்தது.

முற்காலத்திலும் மக்கள் கற்களை எடுத்தார்களே என்று அக்ரிஜெந்தோவில் ஒரு மாணவர் கேட்டார். உண்மைதான், நல்ல கேள்வி. அங்கே கிரேக்கரின் சேயுஸ் தெய்வத்தின் மாபெரும் கோவில் இடிந்து கிடந்தபோது, 18ஆம் நூற்றாண்டில் அதன் கற்களை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் துறைமுகத்தின் அலைதடுப்புக்குப் போட்டார்கள். அதன் பலனை வழிகாட்டி காட்டினார். ஏழு மீட்டருக்கும் மேல் உயரமான கல் மனிதர்கள் அந்தக் கோவிலில் எந்த விதமாக நின்று பாரம் தாங்கினார்கள் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அதே மலைமுகட்டில் கொன்கோர்தியா கோவில் முழுசாக நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டின் முடிவில் அதைத் தேவாலயமாக்கி மக்கள் புழங்கியதால் கல்லை யாரும் பெயர்க்கவில்லை. இரண்டையும் பிள்ளைகள் ஒரே காலையில் பார்த்தார்கள்.

இனிச் சட்டம். இத்தாலியில் நிலத்துக்கு அடியிலோ மேலோ கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். 2022இல் இந்தக் குற்றங்களைத் தண்டனைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். பண்பாட்டுச் சொத்தைத் திருடினால் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை. 14 வயது நிறைந்த பிள்ளை இங்கே சட்டத்தின் முன் பொறுப்பாளி. நம் மேல்வகுப்பில் பெரும்பாலானோர் அந்த வயதைத் தாண்டியவர்கள். இத்தாலியின் கரபினியேரி காவல் படையில் இதற்கென்றே ஒரு பிரிவு 1969 முதல் இயங்குகிறது. பொதுவெளியில் வரும் ஒரு படம் யார் கண்ணிலும் படலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஓட்டுத் துண்டுக்காக அந்தத் தலையிடி எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த இடத்திலும் எதையும் எடுக்கக் கூடாது என்பது நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் தமிழிலும் இத்தாலிய மொழியிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் குழுவில் அந்தப் படம் வந்தபோது கைதட்டலும் இதயக் குறிகளும் வந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. இது நம்முடைய சரித்திரம் இல்லைத்தானே என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து மிகவும் வருந்தினேன். இதை நான் ஏற்கமாட்டேன். இந்தத் தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு இது அவர்களுடைய ஊர், அவர்களுடைய சரித்திரம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பிறர் சரித்திரத்தில் கை வைக்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதா? யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் ரோம நாணயங்கள் கிடைத்தன என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அவை கந்தரோடை மண்ணில் கிடைத்தன என்பது தெரிவதால்தான் அந்தப் பெருமை. காணி உறுதியில் ஒரு தாள் தொலைந்தால் மிச்சத் தாள்களுக்கு என்ன ஆகும் என்பது, இடம்பெயர்ந்து வந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் கழுவாமல், பசை போட்டு ஒட்டாமல், ஒரு கடதாசி உறையில் போடுங்கள். எந்த இடத்தில் எடுத்தது என்பதைப் பிள்ளையே தன் கையால் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைக்கட்டும். வழியோரமா, கோவில் படிக்குப் பக்கத்திலா, கோட்டைமேட்டிலா என்று நினைவிருக்கும் மட்டும் எழுதினால் போதும். பெயர் எழுத வேண்டாம். வருகிற சனிக்கிழமை வகுப்புக்கு வரும்போது அலுவலகத்தில் என்னிடமே கொடுங்கள். செலினுந்தே தொல்லியல் பூங்காவின் நிர்வாகத்துக்குப் பள்ளியின் சார்பில் கடிதம் எழுதி, நானே நேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். தயவுசெய்து குப்பையில் போடவோ கடலில் எறியவோ வேண்டாம். நீங்களே போய் ஏதோ ஓரிடத்தில் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். இடம் மாறிக் கிடந்தால் பிறகு வருபவர்களை அது தவறாக வழிநடத்தும். குழுவில் போட்ட படங்களையும் நீக்கிவிடுங்கள்.

கொண்டுவந்து கொடுக்கும் பிள்ளையை யாரும் ஏச மாட்டோம். வீட்டிலும் அடிக்காதீர்கள், வெட்கப்படுத்தாதீர்கள். திருப்பிக் கொடுக்க முன்வருவது துணிச்சலான காரியம், அதை நீங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு சிராக்குசாவுக்குக் கூட்டிப்போக ஆசிரியர்கள் விரும்புகிறார்கள். பேருந்தில் ஏறும்போது பைகளைச் சோதித்து அனுப்பும் நிலை வருவதை நான் விரும்பவில்லை. ஆனால் இந்த விஷயம் நல்லபடியாக முடியாவிட்டால் அந்தப் பயணம் நடக்காது.

அப்புறம், செலினுந்தே கோவில்களை அலங்கரித்த சிற்பப் பலகைகள் நம் பலெர்மோ நகரத்துச் சலினாஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1823இல் அவற்றில் சிலவற்றைத் தோண்டியெடுத்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றார்கள். இங்குள்ள அதிகாரிகள் தடுத்ததால் அவை இங்கேயே தங்கின. விடுமுறையில் ஒரு நாள் குடும்பமாகப் போய்ப் பாருங்கள். கிரேக்கக் கதைவீரன் பெர்சியூஸ் அரக்கி மெடூசாவின் தலையை வெட்டும் பலகைக்கு முன்னால் நின்று உங்கள் பிள்ளை தமிழில் விளக்கம் சொல்வதைக் கேட்டால், இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுத்த காசு வீணில்லை என்று தெரியும்.

விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளுக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொடுத்த அம்மாக்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு துணைக்கு வந்த பெற்றோருக்கும், நேரம் தவறாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்த சாரதிக்கும், எந்தக் கேள்விக்கும் சலிக்காமல் பதில் சொன்ன வழிகாட்டிக்கும் பள்ளியின் சார்பில் என் நன்றி. உறைகளோடு வருபவர்களுக்காகச் சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அலுவலகத்தைத் திறந்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்