சீலை மடிக்கிற தங்கச்சிக்கு

ஸ்காபரோ, கனடா,
ஞாயிறு இரவு

அன்பின் தங்கச்சிக்கு,

நாங்கள் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் நோ, அப்பாவின் மருந்து எல்லாம் விசாரித்துத்தான் வழக்கமாகத் தொடங்குவேன், இந்த முறை அதையெல்லாம் கடைசிக்கு வைக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை நாலு தரம் கேட்டேன். போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருப்போமே தவிர சொல்ல வந்தது வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வேலை செய்கிற சீலைக்கடைக்கு வந்து, முப்பது சீலைக்கு மேல் விரிக்கப்பண்ணி, ஒவ்வொன்றாய்த் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்து, நாலைந்தை மகளுக்கு வீடியோவில் காட்டி, உன்னோடு கதைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் விரலால் சொடக்குப் போட்டு, கடைசியில் "ஒண்டும் சரியில்லை, கொழும்பிலையே எடுத்திருக்கலாம்" என்று எழும்பிப் போன அந்த மனுசி கனடாவிலிருந்து வந்தவ என்று நீ சொன்ன இடத்தில் எனக்கு நெஞ்சு இறுகிப்போச்சு. அதைச் சொல்லிவிட்டு "அக்கா, குறை நினைக்காதை" என்றும் சொன்னாய். நான் ஏனடி குறை நினைக்கப் போகிறேன்? எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவையும் நீ திரும்ப மடித்து அடுக்கி முடிய எட்டரை, கடைசி பஸ்ஸும் போய்விட்டது, அப்பா கோண்டாவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வர வேண்டியிருந்தது. அதற்குள் முதலாளி வேறு, "உனக்கு விக்கத் தெரியேல்லை" என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால்.

உனக்கு இதுவரை சொல்லாத சிலதைச் சொல்கிறேன். நான் இங்கே என்ன வேலை என்று ஊரில் கேட்டால் அம்மா "பெரிய கடையொண்டிலை" என்று மட்டும் சொல்கிறா என்று எனக்குத் தெரியும், நானும் விளக்கம் சொன்னதில்லை. காசு மேசையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்கிறதுதான், கதிரை கிடையாது. சாமான் ஒரு பட்டியில் ஊர்ந்து வரும், ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் பீப் என்று சத்தம் கேட்கும், காசை வாங்கி லாச்சியில் போட வேண்டும். எட்டு மணித்தியாலத்துக்கு நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம், அதற்குச் சம்பளம் இல்லை. மணிக்கு 17 டொலர் 60 சதம், எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2025 ஒக்டோபரில் வைத்த அடிப்படைச் சம்பளம் அதுதான். வேலை பாரமில்லை, சனம்தான் பாரம்.

போன மாதம் நடந்தது. ஒரு வயதானவர், சாமான் எல்லாம் சேர்த்து 12 டொலர் 98 சதம். காசாகத் தந்தால் 13 டொலர் எடுக்க வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு சதக் குற்றியே இல்லை, 2013 பெப்ரவரியோடு வெளியே விடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு காசு கொடுத்தால் கிட்ட உள்ள ஐந்து சதத்துக்குக் கணக்கை மாற்றுவார்கள், கார்டில் கொடுத்தால் சரியான தொகை. 12.97 என்றால் 12.95 தான் வாங்குவோம், அந்த இரண்டு சதத்துக்கு ஒருவரும் வந்து நன்றி சொன்னதில்லை. இந்த ஐயா மட்டும் நான் தன்னிடம் இரண்டு சதம் களவெடுக்கிறேன் என்று கத்தத் தொடங்கிவிட்டார். அந்த நடைமுறை வந்த நேரம் நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நான் சொல்லிப் பார்த்தேன், பின்னால் நின்ற பெடியனும் சொல்லிப் பார்த்தான். கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன். அவர் கையில் தராமல் பக்கத்தில் பட்டிக்கு மேல் குற்றிகளைக் கொட்டினார்.

பட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்துகிறதற்குள் அரைவாசி வந்து, பட்டி கீழே இறங்குகிற அந்தச் சின்ன நீக்கலுக்குள் விழுந்துவிட்டது. முழங்காலில் இருந்து விரலை விட்டு எடுத்தேன். ஒரு இரண்டு டொலர் குற்றி குறுக்காகச் சிக்கி நின்றது, நகத்தால் கிண்டினால் இன்னும் உள்ளே போனது. அதை விடவும் ஏலாது, இரவு லாச்சியில் குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள். வரிசையில் ஆறேழு பேர். நான் நிலத்தில் இருக்கிறேன், எல்லாருடைய சப்பாத்தும் எனக்கு நேரே, மேலேயிருந்து அந்த மனுசன் "கெதியாய்" என்கிறார். எடுத்து எண்ணி முடித்து, எழும்பி, "இந்தாங்கோ உங்கடை பில், நல்ல நாளாக இருக்கட்டும்" என்றும் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் அதற்கும் ஒரு முறைப்பாடு வரும்.

வரியும் அப்படித்தான். அங்கே பெட்டியில் போட்ட விலைதான் விலை. இங்கே தட்டில் 9.99 என்று இருக்கும், காசு மேசைக்கு வந்தால் 13 வீதம் வரி சேர்ந்து 11.29 ஆகிவிடும். அரிசி, பால், மரக்கறிக்கு இல்லை, சவர்க்காரத்துக்கும் சோடாவுக்கும் உண்டு. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூட, பில் வந்ததும் அந்த வரியை நானே போட்ட மாதிரிப் பார்ப்பார்கள். பைக்குக் காசு என்றாலும் என்னோடுதான் சண்டை. காதில் போனை வைத்துக்கொண்டு வந்து, நான் ஏதாவது கேட்டால் ஒற்றை விரலைத் தூக்கி "பொறு" என்று காட்டுவார்கள், அந்த விரலைப் பார்த்தபடி நான் பேசாமல் நிற்பேன், பின்னால் நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் எனக்குத் தாங்க முடியாதது வேறு. இறைச்சிப் பகுதியில் கோழியை எடுப்பார்கள், அரைவாசி தூரம் போனதும் மனம் மாறும், திரும்ப நடக்கப் பஞ்சியில் அதைப் பிஸ்கட் தட்டிலேயோ சவர்க்காரத் தட்டிலேயோ செருகிவிட்டுப் போய்விடுவார்கள். எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று தெரியாத இறைச்சியைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைக்க ஏலாது. குப்பைதான். இரவில் அதை எடுத்துக் குப்பைக்குப் போடுகிற வேலை சில நாள் எனக்கு வரும். முழுக் கோழி, ஐஸ்கிறீம், பால். 2022இல் பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் நீயும் அம்மாவும் விடிய வெள்ளன வரிசையில் நின்றதை நினைப்பேன். 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் துண்டு துண்டாய் வெட்டிப் பாவித்ததையும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததையும் அம்மா சொல்லுவா. அதைக் கேட்டு வளர்ந்த என்னால் அந்தக் கோழியை எறிய முடிகிறதில்லை, ஆனால் எறிகிறேன். அதை அந்தத் தட்டில் வைத்தவருக்கு அது ஒரு நொடி வேலை, இரவில் அதற்கு யாராவது கை வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது. உன் சீலைகளும் அதுதான். விரித்துவிட்டுப் போகிறவருக்கு அது தானாக மடிந்துவிடும் என்று நினைப்பு.

சரி, எங்கள் சனத்துக்கு வருகிறேன். ஸ்காபரோவில் பாதி நாள் தமிழ்தான் காதில் விழும். சட்டையில் குத்துகிற பெயர் அட்டையில் என் பெயர் நீளம் என்று நாலு எழுத்தாய் வெட்டிவிட்டார்கள், பார்த்தால் எந்த நாட்டவள் என்று தெரியாது. ஒரு தாய், ஏழெட்டு வயதுப் பெடியனோடு வந்தா. அவன் வீட்டுப்பாடம் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். அவ என்னைக் காட்டி, தமிழில், "படிக்காட்டி இப்பிடித்தான் வந்து நிக்கோணும், பார்" என்றா. நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸில் நாலு வருடம் இருந்து பட்டம் எடுத்தவள், உனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை, சொன்னால் படிக்காதவர்களை அப்படிச் சொல்லலாம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பால் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு "அம்மா, இன்னொரு பை வேணுமோ?" என்று தமிழிலேயே கேட்டேன். அவவின் முகம் மாறியதைவிட, அந்தப் பெடியன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாயைப் பார்த்தானே, அந்தப் பார்வை இன்னும் எனக்குள் நிற்கிறது.

இதே சனம்தான் நல்லூர்த் திருவிழாவுக்கு ஆடி ஆவணியில் அங்கே வந்து இறங்குகிறது. இருபத்தைந்து நாளும் உங்கள் கடையில் நிற்க இடமில்லை என்று நீ சொல்லுவாய். உன்னிடம் சொடக்குப் போட்டவ இங்கே என்ன வேலை செய்கிறாவோ தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் களஞ்சியசாலையில் பெட்டி தூக்குகிறார்கள், ஹொட்டேலில் கட்டில் விரிக்கிறார்கள், மேற்பார்வையாளர் ஏசினார் என்று வீட்டுக்கு வந்து அழுகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் வருடம் முழுக்க நின்றவர்கள், அங்கே இரண்டு கிழமை மறுபக்கம் நிற்கக் கிடைத்ததும் தாங்கள் பட்டதை அப்படியே உங்களுக்கு மேல் இறக்குகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. பட்டவர்களுக்குத்தான் கூடத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் எனக்குள் அரிக்கிறது. என் கூறைச்சீலை எடுக்கப் போன நாள் ஞாபகமா? நீ அப்போது பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய், வரவில்லை. நானும் அம்மாவும் சித்தியும் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு கடையில் பத்து மணிக்கு ஏறி ஒரு மணி மட்டும் இருந்தோம். அந்தப் பிள்ளை தட்டில் ஏறி ஏறி இறக்கினாள், ஒரு மலை மாதிரிக் கிடந்தது. பிறகு சித்தி "வேறை கடையும் பாப்பம்" என்றா, எழும்பி வந்துவிட்டோம். நான் ஒரு சொல் சொல்லவில்லை. அவள் மத்தியானம் சாப்பிட்டாளோ என்று வெள்ளிக்கிழமை இரவுதான் முதல் தரம் நினைத்தேன். வேறு கடைக்குப் போனது பிழையில்லை, பிடிக்காததை வாங்க வேண்டியதில்லை. "சரி தங்கச்சி, கரைச்சல் தந்திட்டம்" என்று ஒரு வார்த்தை, அதற்கு எங்களுக்கு என்ன முடை?

இப்போது நீ செய்யக்கூடியது. இங்கே 2010 முதல் ஒன்ராறியோவில் வேலையிடத் துன்புறுத்தலுக்குச் சட்டம் இருக்கிறது, வாடிக்கையாளர் செய்தாலும் அதுக்குள் வரும். அது தெரிந்த பிறகு நான் ஒன்று பழகினேன்: ஒருவர் கத்தத் தொடங்கினால் கையிலிருக்கிற சாமானை வைத்துவிட்டு ஒரு அடி பின்னுக்குப் போய், மேலதிகாரியைக் கூப்பிடுவேன். பதில் சொல்ல மாட்டேன். எல்லா நாளும் சரிவராது, ஒருமுறை மனேஜர் வந்து அந்த ஆளுக்கே கழிவு போட்டுக்கொடுத்து அனுப்பினார், அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. அங்கே முதலாளியே ஏசுகிறபோது அதுவும் கஷ்டம்தான். ஆனால் நேரக் கணக்கு உன் பக்கம். இலங்கையில் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். சனம் போன பிறகு மடிக்கிற நேரமும் வேலை நேரம்தான். ஒரு சின்னக் கொப்பியில் தினமும் வந்த நேரம், இறங்கிய நேரம் எழுதி வை. இப்போதே கேள் என்று சொல்லவில்லை, எழுதி மட்டும் வை. மற்றப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லு.

செவ்வாய்க்கிழமைகளில் இங்கே ஒரு கிழவர் வருவார், எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. வாழைப்பழத்துக்கு நாங்கள் 4011 என்று ஒரு இலக்கம் தட்ட வேண்டும். அவர் ஒருநாள் அதைக் கவனித்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பழத்தை வைக்கும்போது, எனக்கு உதவி மாதிரி, "நாலாயிரத்துப் பதினொன்று" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லுவார். எனக்கு அந்த இலக்கம் நித்திரையிலும் வரும். இருந்தும் அவர் சொல்லும்வரைக்கும் பொறுத்துத்தான் தட்டுவேன்.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பூச்சு வாங்கி வைத்திருக்கிறேன், அப்பாவின் மருந்துப் பெயரைப் படம் எடுத்து அனுப்பு. எங்கள் தொடர்மாடியில் இருக்கிற ஒரு அன்ரி அடுத்த மாதம் ஊருக்கு வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன். உனக்கு நாள் முழுக்க நிற்கிறவர்கள் போடுகிற சப்பாத்து ஒன்று, உள்ளே தடித்த மெத்தை உள்ளது, நானும் அதைத்தான் போடுகிறேன். முதல் வருடம் அது இல்லாமல் நின்று குதிக்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்குள் சப்பாத்து போட விடுவார்களா என்று கேட்டுச் சொல்லு, விடாவிட்டால் வேறு ஏதும் பார்ப்போம். இலக்கம் இங்கே வேறு கணக்கு, அதனால் ஒரு தாளில் இரண்டு காலையும் வைத்துச் சுற்றிக் கோடு கீறி, அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. காலை நேரத்தில் கீறாதே. வேலை முடிந்து வந்த கையோடு கீறு, அப்போதுதான் வீங்கின கால் அளவு சரியாக வரும்.

அன்புடன்,
அக்கா