இருட்டை எங்கே வைத்தாய், தங்கச்சி?

அன்புள்ள தங்கச்சி,

சனிக்கிழமை ராத்திரி பினாங்கு ஜார்ஜ் டவுனில் உன் குறும்படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். நீ என்னைத் தேடினாயாம். கோபமெல்லாம் இல்லை. ஆனால் அங்கே நின்று "நல்லா இருந்துச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மனதில் இருந்ததை உன் அப்பா அம்மா முன்னால் சொல்லவும் பிடிக்கவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

14 நிமிடப் படம். ஒரு பெரிய வீடு, அங்கே வேலைக்கு வரும் ஒரு பெண், அவள் குடியிருக்கும் மலிவு விலை பிளாட். பெரிய வீட்டில் எப்போதும் பகல், பிளாட்டில் எப்போதும் இருட்டு. அவள் நடந்து வரும்போது தண்ணீர் சொட்டுகிறது, டியூப் லைட் எரிந்து எரிந்து அணைகிறது, கடைசியில் கத்தியோடு முதலாளியம்மாவின் கட்டில் பக்கத்தில் வந்து நிற்கிறாள். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உன் படத்தின் சத்தமும் எடிட்டிங்கும் அந்த அளவுக்கு வேலை செய்தன, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவள் யாரைப் பார்த்துப் பயந்தாள்? என் அம்மாவைப் பார்த்து.

நான் ஆயர் ஈத்தாம் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் வளர்ந்தவள். 1960களின் கடைசியில் கட்டியது, 9 புளோக், 3,600க்கும் மேற்பட்ட வீடுகள். லிப்ட் கெட்டுப்போன நாட்களில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு 15 மாடி ஏறியிருக்கிறேன், நடுவில் உட்கார்ந்து அழுதும் இருக்கிறேன். ஆனால் அந்தக் காரிடாரைப் பார்த்து ஒரு நாளும் பயந்ததில்லை. அங்கேதான் பக்கத்து வீட்டுப் பாட்டி மிளகாய் காயவைப்பார், நாங்கள் பூப்பந்து ஆடுவோம். எனக்குப் பயம் வந்ததெல்லாம் வேறு இடத்தில், நல்ல வெளிச்சத்தில்.

அம்மா 11 வருடம் புலாவ் திக்குஸ் பக்கம் ஒரு வீட்டில் வேலை பார்த்தார். தமிழ்க் குடும்பம்தான். மேடம் நல்லவர், இதை மனதாரச் சொல்கிறேன். எனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கித் தருவார், தீபாவளிக்கு உறையில் பணம் போட்டு ஆங்பாவ் தருவார், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. சாயங்காலம் அம்மா கிளம்பும்போது பின்வாசல் வரை வந்து, "சும்மா ஒரு தடவை பார்த்துக்கறேன்மா" என்று சிரித்துக்கொண்டே கைப்பையைத் திறக்கச் சொல்வார். உள்ளே ஒரு பர்ஸ், குடை, தைலம், மடித்து வைத்த பிளாஸ்டிக் பை. பார்த்துவிட்டு "பத்திரமா போயிட்டு வா" என்பார். கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார், ஏனென்றால் அம்மாவே வாசலில் நின்று, ஜிப்பை இழுத்து, பையின் வாயை விரித்து, அவர் பக்கம் சாய்த்துக் காட்டப் பழகிவிட்டார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். அப்போது ஒன்பது வயது. அம்மாவின் கட்டைவிரல் பையின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் அதே மேடம் இரண்டு கையாலும் அம்மாவுக்கு மோர் கொடுப்பார். மறுநாள் சாயங்காலம் மறுபடி பை.

உன் படத்தில் எனக்கு இந்தப் பயம்தான் கிடைக்கவில்லை.

கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் பெரிய படங்களை நீ பார்த்திருப்பாய். 1994இல் மாணவராக இருந்தபோது அவர் எடுத்த 'இன்கோஹீரன்ஸ்' என்ற அரைமணி நேரப் படத்தைத் தேடிப் பார். காலையில் ஓடப்போகும் ஒரு பெரிய மனிதர் யாரோ வீட்டு வாசலில் இருக்கும் பாலை எடுத்துக் குடிக்கிறார், பத்திரிகை போட வரும் பையனுக்கும் ஒன்றை நீட்டுகிறார், கடைசியில் மாட்டிக்கொள்வது பையன்தான். அப்புறம் அந்த மனிதர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். சிரிப்புப் படம்தான், ஆனால் சிரித்து முடித்த பிறகு வயிற்றைப் பிசைகிறது.

ஆங்கிலேய இயக்குநர் ஆண்ட்ரியா ஆர்னால்டின் 'வாஸ்ப்' வேறு மாதிரி. 2003இல் வந்தது, 2005இல் ஆஸ்கர் வாங்கியது, 26 நிமிடம். அவர் வளர்ந்த டார்ட்ஃபோர்ட் ஊரிலேயே எடுத்தார். நாலு பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஓர் இளம் தாய், வீட்டில் ஒன்றுமே இல்லாமல் பிள்ளைகளுக்குச் சீனியைத் தின்னக் கொடுக்கிறாள். ஒருவனைப் பார்க்கப் போகும் ஆசையில் அவர்களை மதுக்கடைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போகிறாள். பசியோடு அந்தப் பிள்ளைகள் காத்திருக்கும்போது ஒரு குளவி கைக்குழந்தையின் வாய்க்குள் ஊர்ந்து போகிறது. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவள் செய்வது பெரிய தப்பு, படமும் அதை மறைக்கவில்லை. ஆனாலும் கேமரா அவளை விட்டு நகர்ந்து, தூரத்தில் நின்று அவளைப் பார்க்கவே இல்லை.

ஏழையைக் கொடூரனாகக் காட்டக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. இன்னொரு கொரிய இயக்குநர் பார்க் சான் வூக்கின் 'கட்', 2004இல் மூன்று இயக்குநர்களின் படங்களைச் சேர்த்து வந்த தொகுப்பில் ஒன்று. ஒரு துணைநடிகன் பணக்கார இயக்குநரையும் அவர் மனைவியையும் பிடித்துவைத்துச் சித்திரவதை செய்கிறான், ரத்தம் உன் படத்தைவிடப் பத்து மடங்கு. ஆனால் அவனுக்கு வாய் இருக்கிறது. பணமும் உன்னிடம், நல்லவன் என்ற பெயரும் உன்னிடமா என்பதுதான் அவன் ஆத்திரம். உன் படத்தில் அந்தப் பெண் 14 நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை தங்கச்சி. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கெலுகோரில் கம்போங் புவா பாலாவை 2009இல் இடித்தார்கள். மாடு வளர்த்துப் பிழைத்த தமிழர்களின் கிராமம். இடிக்க வந்த இயந்திரங்களுக்கு இருட்டும் தேவைப்படவில்லை, சொட்டும் தண்ணீரும் தேவைப்படவில்லை. இப்போது அங்கே கொண்டோ அடுக்குமாடி நிற்கிறது.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் பிளாட்டை விடு, அது உனக்குத் தெரியாது. உன் வீட்டு அடுப்படி உனக்குத் தெரியும். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னாய், உங்கள் வீட்டில் வேலை செய்யும் இந்தோனேசிய அக்காவின் கைப்பேசி உன் அம்மாவின் அலமாரியில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்துக் கொடுப்பார் என்று. அதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். எனக்கு அந்த அலமாரிதான் படமாகத் தெரிகிறது. புதன்கிழமை மத்தியானம், பூட்டிய அலமாரிக்குள் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது, அந்த அக்கா குழாயடியில் உங்கள் தட்டுகளைக் கழுவுகிறார், நீ மேசையில் உட்கார்ந்து படம் எழுதிக்கொண்டிருக்கிறாய். அவரிடம் கேட்காமல் எடுக்காதே. முதலில் அந்தக் கைப்பேசியை அவரிடம் கொடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் பேசு. வீட்டில் சண்டை வரும், தெரியும்.

இன்னொன்று. போன மாதம் என் அம்மா என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். இப்போது 71 வயது, வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. கிளம்பும் நேரம் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர், கைப்பையின் ஜிப்பை இழுத்து, வாயை விரித்து, என் பக்கம் சாய்த்தார். இரண்டு வினாடி இருக்கும். அப்புறம் சட்டென்று மூடிவிட்டு, "குடை இருக்கான்னு பார்த்தேன்" என்றார்.

குடை அவர் கையில் இருந்தது.

அன்புடன்,
அக்கா