வசதியான புறநகரில் வராத குழாய்நீரும் வராத பேருந்தும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டி உத்தண்டி வரையுள்ள பகுதிகளில் வீடு வாங்குவதன் சாதக பாதகங்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் வீட்டுமனை இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சாதகங்களாகச் சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மை. பாதகம் என்று கட்டுரையாளர் குறிப்பிட்டவை மனை விலையும் வார இறுதிப் போக்குவரத்து நெரிசலும் மட்டுமே. நீலாங்கரை ஊராட்சியாக இருந்த காலத்திலேயே இங்கு வீடு கட்டிக் குடியேறியவன், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட சிலவற்றைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பொதுவில் கிடைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி இங்குள்ளோரில் பெரும்பாலோருக்கு இருப்பதால், அவை பொதுவில் வந்து சேர வேண்டும் என்று வற்புறுத்துவார் இல்லாமல் போய்விட்டது என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலிலும் பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்க முடிகிறது. நகரின் உள்பகுதியில் இருக்கும் என் உறவினர்கள் அந்த நேரத்தில் குளிர்சாதன அறையை விட்டு வெளியே வருவதில்லை. காலை ஐந்தரை மணிக்குப் பெண்கள் தனியாக அச்சமின்றி நடைப்பயிற்சி செய்யும் தெருக்கள் இவை. இங்குள்ள மண் மணல். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது, கடலோரப் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் மழைநீர் அன்றே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஜனவரியிலிருந்து சில மாதங்களுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. அவற்றைக் காக்க 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவுதோறும் நடக்கிறார்கள். (கடலைப் பார்த்துக் கட்டிய மாளிகைகளின் வெளி விளக்குகளைக் கண்டு ஆமைக் குஞ்சுகள் திசை தவறிக் கரைப் பக்கம் ஊர்ந்து வருவதையும் அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். முட்டை பொரிக்கும் மாதங்களில் அந்த விளக்குகளை அணைத்து வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.)

இனித் தண்ணீர். 2011இல் சென்னை மாநகராட்சியுடன் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி ஆகிய ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. சொத்துவரி மாநகராட்சிக் கணக்கில் வந்துவிட்டது. மாநகருக்குரிய குடிநீரும் பாதாளச் சாக்கடையும் அதே வேகத்தில் வரவில்லை. குழாய் பதிக்கும் பணிகள் நடக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. இன்றும் எங்கள் பகுதியில் விடியும் முன் கேட்கும் முதல் ஓசை பல வீடுகளில் தண்ணீர் லாரியின் மோட்டார் ஓசைதான். கடலைக் குடிநீராக்கும் நெம்மேலி நிலையம் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டரும், 2024இல் திறக்கப்பட்ட இரண்டாவது நிலையம் மேலும் 15 கோடி லிட்டரும் வழங்கும் திறன் கொண்டவை. இரண்டும் இதே சாலையில் தெற்கே அமைந்தவை. அந்த நீர் எங்கள் வாசல் வழியாகவே நகருக்குச் செல்கிறது.

திருவான்மியூரிலிருந்து தெற்கே கோவளம் வரையுள்ள மணற்பரப்பின் அடியில் நல்ல நீர் இருந்தது என்பதும், ஒரு காலத்தில் நகருக்கே அங்கிருந்து நீர் எடுக்கப்பட்டது என்பதும் இன்று குடிவந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நான் வந்த புதிதில் இருபது அடிக்கும் குறைவான உறைகிணற்றில் குடிக்கத் தகுந்த நீர் இருந்தது. பிறகு வீட்டுக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு, அடுக்குமாடிக்கு மூன்று நான்கு, சில வீடுகளில் நீச்சல் குளம் என்று ஆனது. நன்னீரை அளவின்றி உறிஞ்சினால் அந்த இடத்தில் கடல்நீர் உட்புகும். இதற்காகவே சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டம் இருக்கிறது, கிணறு உவர்த்துப் போனவர்கள் லாரியைக் கூப்பிடுகிறார்கள். அந்த லாரிகள் தண்ணீர் நிரப்புவதோ இன்னும் தெற்கேயும் மேற்கேயும் உள்ள கிராமத்துக் கிணறுகளில். எங்கள் வீட்டுச் சம்ப் நிரம்புவதற்காக எந்த ஊரின் கிணறு இறங்குகிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட நாள்களில், பணம் கையில் இருந்தும் லாரிக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு மட்டும் எங்கள் தெருவில் மழைநீர் சேகரிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2003லேயே அது கட்டாயமாக்கப்பட்டுவிட்டது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தது, பேச்சும் நின்றது.

கழிவுநீரைப் பற்றி வீட்டுமனை விளம்பரங்கள் எழுதுவதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு எட்டாத இடங்களில் கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வீடானாலும் செப்டிக் டேங்க்தான். அது நிரம்பினால் கழிவுநீர் லாரிதான். மழைநீரை வேகமாக உள்வாங்கும் அதே மணல் கழிவுநீர்க் கசிவையும் உள்வாங்கிக்கொள்கிறது என்பதை யோசித்தால், பக்கத்து மனையின் கிணற்றுக்கு என்ன நேரும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இங்குள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவளம் வடிநிலத் திட்டத்தின்கீழ் கடலோரத் தெருக்களில் மழைநீர் வடிகால் அமைக்க மாநகராட்சி முற்பட்டபோது, மணற்பாங்கான பகுதியில் கான்கிரீட் வடிகால் போட்டால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் வீணாகக் கடலுக்குப் போய்விடும் என்று இந்தச் சங்கங்கள் எதிர்த்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன. பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் நிலநீர் அறிந்தவர்களும் ஒரே தெருவில் வசிப்பதன் பயன் அது. ஒரு குப்பத்தாலோ மறுகுடியமர்வுக் குடியிருப்பாலோ அத்தகைய வாதத்தை அவ்வளவு விரைவாகத் திரட்டியிருக்க முடியாது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த முனைப்பில் பத்தில் ஒரு பங்குகூட அரசுப் பள்ளிக்காகவோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்காகவோ, பேருந்துக்காகவோ திரும்பவில்லை. இவற்றைப் பயன்படுத்துபவர்கள் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை அல்லவா? 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் வாக்குப்பதிவு 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எங்கள் தெருவில் அன்று பலர் வீட்டில்தான் இருந்தார்கள்.

பேருந்துக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் சமைப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள், காவலுக்கு நிற்பவர்கள் ஆகியோரில் ஒரு பெரும்பகுதியினர் துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகரிலிருந்து வருகிறார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய, 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. நீலாங்கரைக்கும் அதற்கும் நேர்க்கோட்டில் பெரிய தொலைவில்லை. நடுவே பக்கிங்காம் கால்வாய் இருப்பதால் பேருந்தில் வருவதென்றால் திருவான்மியூரையோ சோழிங்கநல்லூரையோ சுற்றிக்கொண்டு வர வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 முதல் கட்டணமில்லை. பேருந்து இருந்தால்தானே அந்தச் சலுகை பயன்படும்? ஷேர் ஆட்டோவுக்கு ஒரு தொகை, பிறகு வெயிலில் நடை என்றுதான் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் வந்து சேர்கிறார். பிரதான சாலையிலிருந்து கடற்கரை வரை செல்லும் எங்கள் நீண்ட குறுக்குத் தெருக்களுக்குள் எந்த வண்டியும் வருவதில்லை, ஏனென்றால் வீட்டுக்கு இரண்டு கார்கள் இருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலைக்கு மெட்ரோ ரயில் வருகிறது. இந்தச் சாலைக்குத் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை அறிவிக்கப்பட்டிருக்கிறது. கார் வைத்திருப்பவருக்கு மேலே ஒரு சாலையும், பேருந்துக்குக் காத்திருப்பவருக்குக் கீழே நிழலும் கிடைக்கும் என்பதற்கு மேல் அதில் எங்கள் வீட்டு அம்மையாருக்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மீனவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடற்கரையைப் பற்றிப் பேச முடியாது. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் ஆகிய எல்லா ஊர்களிலும் குப்பங்கள் எங்களுக்கு முன்பே இருந்தவை. வலை உலர்த்திய இடமும் படகு ஏற்றிய இடமும் ஒவ்வொன்றாக மதிற்சுவருக்குள் போயின. மனைப்பிரிவு போடும்போது சாலைகள் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அதன்பிறகு அவை பொதுச்சாலைகள். ஆயினும் பாதுகாப்பு என்ற பெயரில் சில தெருக்களின் முகப்பில் கேட் போட்டு, செக்யூரிட்டியை நிறுத்தி, எங்கே போகிறாய் என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. கடலுக்குப் போகிறேன் என்று ஒரு மீனவர் பதில் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த விலையேற்றத்தில் குப்பத்து இளைஞர் ஒருவர் திருமணமாகித் தனிக்குடித்தனம் போக நினைத்தால், தான் பிறந்த ஊரில் அவருக்கு ஒரு வாடகை வீடு கிடைப்பதும் அரிது.

வசதியுள்ளவர்களுக்கும் இந்த வாழ்க்கையில் இழப்பு உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. கார் ஓட்ட முடியாத வயது வந்த அன்று அவர்களுக்கு ஊர் சுருங்கிவிடுகிறது. மருந்துக் கடைக்கும் கோயிலுக்கும் செயலியில் வண்டி பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டட் கம்யூனிட்டிகளில் வளரும் சிறுவர்களுக்கு விளையாட உள்ளேயே எல்லாம் இருக்கின்றன, பேருந்தில் ஏறிச் சில்லறை எண்ணிக் கொடுத்த பழக்கம் மட்டும் இல்லை. என்னைப் போல, ஊராட்சிக் காலத்தில் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய ஓய்வூதியர்களின் நிலை வேறு வகை. மனையின் மதிப்பு ஏறியிருக்கிறது, அதை விற்றால்தான் அது பணம். விற்காமல் இருப்பவனுக்கு 2022இல் உயர்ந்த சொத்துவரியும் லாரித் தண்ணீர்ச் செலவும் ஓய்வூதியத்திலிருந்துதான் போக வேண்டும். இதைக் குறையாகச் சொன்னால் கண்ணகி நகரில் இருப்பவர் சிரிப்பார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அரசிடமும் மாநகராட்சியிடமும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வேண்டுபவை சில. பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகிய இரு மண்டலங்களிலும் எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடை இணைப்பும் எந்த மாதத்தில் வரும் என்ற பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கடற்கரைக்குச் செல்லும் பொதுவழிகள் அனைத்தையும் அளந்து, ஒவ்வொன்றின் முகப்பிலும் மாநகராட்சிப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். அவற்றில் உள்ள கேட்டுகளை அகற்ற வேண்டும். பக்கிங்காம் கால்வாயின் குறுக்கே நீலாங்கரையையும் துரைப்பாக்கத்தையும் பேருந்து செல்லும் அகலத்தில் இணைக்கும் பாலம் மக்கள் பயன்பாட்டுக்கு வரும் வரையில், கண்ணகி நகரிலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகப் பாலவாக்கம் வரை, காலை 6 மணி முதல் 9 மணி வரையும் பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரையும், மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யத்தக்க சிறிய பேருந்துகளை இயக்க வேண்டும். அந்த நேரங்களில்தான் வீட்டு வேலைக்கு வருபவர்கள் வருகிறார்கள், திரும்புகிறார்கள். தடத்தை முடிவு செய்யும் அதிகாரிகள் எங்கள் சங்கத்தைக் கேட்பதற்கு முன் அவர்களைக் கேட்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
நீலாங்கரை, சென்னை.